டெட்டு பாஸான பேராண்டிக்கு

வாடே பேராண்டி, உக்காரு. ஆசிரியர் தகுதித் தேர்வு, அதான் உங்க டெட்டு, எழுதிப் பாஸாகி, வேலைக்கு ஆர்டரும் வாங்கிட்டேன்னு ஊரே பேசுது. நல்லா இரு. அது என்னடே கையில, பளபளனு? பயிற்சிக் கட்டகமா? கொண்டா, கண்ணாடியப் போட்டுட்டுப் பாக்கேன். 'பன்முகத்தன்மை கொண்ட வகுப்பறையைக் கையாளுதல்'. யாத்தே! தலைப்பை ஒரு மூச்சுல வாசிக்க முடியலியே.

அஞ்சு நாள் பயிற்சியோ? அந்த அஞ்சு நாளும் என்ன நடந்துச்சு, நானே சொல்லுதேன் கேளு. முன்னால ஒரு திரை. திரையில ஒரு படம். கொரங்கு, யானை, மீனு, காக்கா எல்லாம் வரிசையா நிக்கும். எதுக்க ஒரு வாத்தியார் மேசை போட்டு உக்காந்து, 'எல்லாரும் அந்த மரத்துல ஏறுங்க, அதான் பரீட்சை'ம்பாரு. நீங்க எல்லாரும் கை தட்டியிருப்பிய. பொறவு அந்தப் படத்தைக் காட்டுன மனுசன் என்ன செஞ்சாரு? ரிட்டயராவப் போற டீச்சரையும் நேத்து சேந்த உன்னையும், ஒண்ணாப்பு எடுக்கவரையும் எட்டாப்புக் கணக்கு எடுக்கவரையும் ஒரே ஹால்ல உக்கார வச்சு, ஒரே பாடத்தை அஞ்சு நாளும் வாசிச்சாரு. மரம் ஏறச் சொல்லல, அம்புட்டுதான்.

சிரிக்காதடே. அதுல பாதிப் பேரு தூங்கியிருப்பான். தூங்குனவனுக்கும் சான்றிதழ், முழிச்சிருந்தவனுக்கும் சான்றிதழ். சமத்துவம்னா அது.

பிள்ளைக ஒண்ணு போல ஒண்ணு இருக்காதுன்னு இப்பத்தான் கண்டுபிடிச்சாவளாக்கும்! அஞ்சு பெத்தவகிட்டக் கேட்டிருந்தா அடுப்பை ஊதிக்கிட்டே சொல்லியிருப்பாளே. மூத்தவன் அடிச்சாத்தான் எழும்புவான், நடுவுலவன் அடிச்சா எழும்பவே மாட்டான், கடைசிக்காரி அடிக்க மின்னாடியே அழுதுருவான்னு. அவளுக்கு யாரு கட்டகம் குடுத்தா?

ஒரே அறையில பல நெலைப் பிள்ளைகளை வச்சுப் படிப்பிக்குதது வெளிநாட்டுக்காரன் கண்டுபிடிச்ச வித்தைன்னு இதுல போட்டிருக்கா? போட்டிருப்பான். நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துல வேற என்னடே நடந்துச்சு? ஒரே ஒரு வாத்தியாரு. ஒரு பொடியன் மணல்ல ஆனா ஆவன்னா போடுவான். பக்கத்துல ஒருத்தன் எண்சுவடி ஒப்பிப்பான். மூத்த பய ஓலை வாசிப்பான். யாருக்கு எது தெரியுமோ அதுல இருந்து மேல. தெரிஞ்சவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் குடுக்கணும். அந்த மூத்தவனுக்குச் சட்டாம்பிள்ளைனு பேரு. இன்னைக்கு எல்லாரும் 14-ஆம் பக்கம்ங்கிற கூத்து அங்க கிடையாது. வகுப்புன்னு ஒண்ணு இருந்தாத்தான?

அந்தச் சட்டாம்பிள்ளை கப்பலேறிச் சீமைக்குப் போன கதை உனக்குத் தெரியுமா? தெரியாது. டீச்சர் டிரெய்னிங்குல அதை எங்க சொல்லுதான்! ஆண்ட்ரூ பெல்லுன்னு ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரி. பட்டாளத்துக்காரங்க பிள்ளைகளுக்குன்னு எழும்பூர்ல ஒரு ஆம்பளப் பிள்ளைகள் விடுதி இருந்துச்சு. 1789-ல அதுக்கு மேற்பார்வையா வந்தாரு. ஒரு நாள் போற வழியில நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மணல்ல விரலால எழுதுததைப் பாத்தாரு. செலவில்லாத படிப்பா இருக்கே, நாமளும் இப்படிச் செஞ்சா என்னன்னு விடுதி வாத்தியாருங்ககிட்டக் கேட்டாரு. அதெல்லாம் ஆவாதுன்னுட்டாங்க. எந்தக் காலத்து வாத்தியாரும் வாத்தியாருதானடே. பெல்லு மல்லுக்கு நிக்கல. எட்டு வயசுப் பொடியன் ஒருத்தனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்குத சோலிய அவங்கிட்ட ஒப்படைச்சாரு. பொடியன் வெளுத்து வாங்கிட்டான்.

ஊருக்குத் திரும்பிப் போயி 1797-ல லண்டன்ல இதை அச்சுப் போட்டாரு. 'மெட்ராஸ் முறை'ன்னே பேரு. இங்கிலாந்துல ஏழைப் பிள்ளைக படிச்ச பள்ளிக்கூடம் நெறைய அந்த வழியில நடந்துச்சு. மனுசன் 1832-ல செத்தப்போ வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில, ராசா ராணிகளப் பொதச்ச எடத்துல பொதச்சாங்க. அவரு விட்டுட்டுப் போன காசுல ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ்னு ஒரு ஊர்ல பள்ளிக்கூடம் கட்டுனாங்க. இன்னைக்கும் அதுக்கு 'மெட்ராஸ் காலேஜ்'னுதான் பேரு. போயிப் பாரு, வெள்ளைக்காரப் பிள்ளைகளா உக்காந்திருக்கும்.

நாம என்ன செஞ்சோம்? திண்ணையைச் சாத்திட்டு, வெள்ளைக்காரன் குடுத்த வகுப்பு, பெஞ்சு, மணி, முழுப் பரீட்சை எல்லாத்தையும் வாங்கி வச்சுக்கிட்டோம். இப்ப அவன் பேரன் வந்து 'ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வேகம்'ங்கான். நீ நோட்டுல குறிச்சுக்கிட்டு வார.

சரி, கிழவன் பழம்பெருமை பேசுதான்னு முகத்தைத் திருப்பாத. திண்ணை பொற்காலம்னு நான் சொல்லுவேன்னு நெனச்சியா? திண்ணையில ஏற விட்டாத்தானடே பொற்காலம்! சேரிப் பிள்ளைக்கு அங்க எடமில்ல. பொட்டப் பிள்ளையப் பாக்குததே அபூர்வம். ஏறுனவனுக்கும் கயித்துல தொங்க விடுத கோதண்டம் உண்டு. இடது கையில எழுத்தாணியத் தொட்டா கை முட்டி வீங்கிரும். சென்னையில ஆல்காட்டுன்னு ஒரு அமெரிக்காக்காரர் 1894-ல ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குன்னு தனியா ஒரு இலவசப் பள்ளிக்கூடம் தொறந்தாரு. எதுக்குத் தனியா? இருக்குத பள்ளிக்கூடத்துல சேத்துக்கிட மாட்டாங்களான்னு கேக்கியா? நல்ல பிள்ளடே நீ.

இப்ப நம்ம காலத்துக்கு வருவோம். நம்ம கல்விக்காரங்க சும்மா இருந்தாங்கன்னு சொல்ல மாட்டேன். 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிக்கூடங்கள்ல செயல்வழிக் கற்றல்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஆந்திராவுல ரிஷிவேலியில அட்டை வச்சுப் பிள்ளைகளைப் படிக்க வைக்குததப் பாத்துட்டு வந்து செஞ்சது. 2007 வாக்குல நம்ம ஊருக்கும் வந்துட்டு. சுவர்ல கற்றல் ஏணி. தட்டுல படம் போட்ட அட்டை. கீழ்ச் சுவர்ல பிள்ளை எட்டுத உயரத்துல கரும்பலகை. வாத்தியாரு நாற்காலிய விட்டுட்டுப் பாயில உக்காரணும். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. பாயில உக்காந்தாத்தானடே எந்தப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகுதுன்னு தெரியும்?

பொறவு என்னாச்சு? அட்டை கிழிஞ்சுச்சு. கிழிஞ்சதுக்குப் பதில் அட்டை வரல. அதிகாரி வார அன்னைக்கு மட்டும் ஏணியத் தொடச்சு வச்சாங்க. ஏணி சுவர்ல இருந்துச்சு, பிள்ளை பாயில இருந்துச்சு. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல.

கொரோனாவுல பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்து, பிள்ளைக படிச்சதெல்லாம் மறந்து போச்சு. 2022-ல 'எண்ணும் எழுத்தும்'னு ஒரு திட்டம் வந்துச்சு. பிள்ளைகளுக்கு என்ன தெரியும்னு பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு மூணாப் பிரிச்சாங்க. பேரு அழகா இருக்கு. குத்தம் சொல்லல. மக்குன்னு சொல்லுத வாயால அரும்புன்னு சொல்ல வச்சது லேசுப்பட்ட காரியமா? ஆனா பிள்ளைகளை ஏமாத்த முடியுமாடே? நம்ம தெருவுல மூணாப்புப் பய ஒருத்தன்கிட்ட, 'நீ எதுல இருக்கலே'ன்னு கேட்டேன். 'நான் அரும்பு தாத்தா. மக்கு குரூப்பு'ன்னு சொல்லிட்டுப் பம்பரம் விடப் போயிட்டான்.

பெரிய வகுப்புல 'மெல்லக் கற்போர்'னாங்க. 2025-ல ஆறாப்புல இருந்து ஒம்பதாப்பு வரைக்கும் 'திறன்'னாங்க. இன்னும் பத்து வருசத்துல உனக்கு வேற ஒரு பேரு வரும். பயப்படாத. உள்ள சரக்கு ஒண்ணுதான். பிள்ளை எங்க நிக்கோ அங்க இருந்து கூட்டிட்டுப் போ. அம்புட்டுதான். 2019-ல பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்குனவங்கள்ல அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் செஞ்ச ஆராய்ச்சியில இதுவும் ஒண்ணு. வயசைப் பாத்துப் பாடம் நடத்தாம, பிள்ளைக்குத் தெரிஞ்சதைப் பாத்து நடத்துனா வெளங்குதுன்னு வடக்க பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போயி நிரூபிச்சிருக்காங்க. நம்ம சட்டாம்பிள்ளைக்கு யாராவது ஒரு துண்டாவது போத்துனாங்களா?

அரும்புல உக்காந்தவன் மொட்டுக்குப் போனானா, அங்கனயே வேர் விட்டானான்னு யாராவது பாக்கணும். அதான் முக்கியம். யாரு பாப்பா? நீ போனைல்லா பாத்துக்கிட்டிருப்ப. காலையில வருகையை ஏத்தணும். சாப்பிட்ட கணக்கை ஏத்தணும். சீருடை, செருப்பு, உயரம், எடை எல்லாம் எமிஸ்ங்கிற கல்வித்துறைத் தளத்துல ஏத்தணும். சர்வர் சுத்திக்கிட்டே இருக்கும். பிள்ளைகளும் உன்னைச் சுத்திக்கிட்டே இருக்கும். 60 பிள்ளை வரைக்கும் 2 வாத்தியாரு போதும்னு சட்டத்துல இருக்கு. வகுப்பு அஞ்சு. ஈராசிரியர் பள்ளிக்குத்தான உனக்கு ஆர்டரு? அதுல ஒருத்தரு கூட்டத்துக்குப் போயிருவாரு. என்ன கூட்டம்? 'ஒவ்வொரு மாணவர் மீதும் தனிக் கவனம் செலுத்துவது எப்படி?'

உன் கட்டகத்துல 20-ஆம் பக்கத்துல என்னமோ கண்ணு, காது, கை படம் போட்டிருக்கே. கண்ணால படிக்குத பிள்ளை, காதால படிக்குத பிள்ளை, கையால படிக்குத பிள்ளைன்னு பிரிக்கணுமோ? அந்தப் பக்கத்தை மடிச்சு வையி. 2008-லயே அமெரிக்காவுல நாலு மனோதத்துவப் பேராசிரியருங்க வந்த ஆராய்ச்சி எல்லாத்தையும் அலசிப் பாத்துட்டு, அப்படிப் பிரிச்சு நடத்துனா நல்லாப் படிக்கும்ங்கிறதுக்குப் போதுமான ஆதாரம் இல்லைன்னுட்டாங்க. ஆட்டுக்குட்டியப் பத்திப் படிக்கணும்னா எந்தப் பிள்ளைக்கும் கண்ணு, காது, கை மூணும் வேணும். குட்டியத் தூக்கிக் குடுத்தா மோந்தும் பாக்கும். அதுக்குப் படம் போடலியா?

டவுன்ல இருக்குத பெரிய பள்ளிக்கூடங்கள் கதை தனி. வாசல்ல போர்டு: 'ஒவ்வொரு குழந்தையும் தனித்துவமானது'. உள்ள மூணு வயசுப் பிள்ளைக்கு இன்டர்வியூ. அப்பன் ஆத்தாளுக்கும் இன்டர்வியூ. சேக்கும்போது பிள்ளையவோ பெத்தவங்களையோ சோதிக்கப்படாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்லுதுல்லா? அதனால இப்ப அதுக்கு இன்டர்வியூன்னு பேரில்ல, 'சந்திப்பு'. காப்பி குடுக்காங்களாம். மார்க்கைப் பாத்து ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன். டி செக்‌ஷனுக்கு யாரு போவாங்க? வேலைக்குப் புதுசா வந்த டீச்சர். ஒம்பதாப்பு முடியையில மார்க்கு வத்தலான பிள்ளையோட அப்பனைக் கூப்பிட்டு, 'உங்க பிள்ளைக்கு வேற பள்ளிதான் பொருத்தம்'னு பைய டி.சி.யக் கையில குடுத்துருவாங்க. அடுத்த வருசம் பத்தாப்புல நூத்துக்கு நூறு தேர்ச்சின்னு ஃபிளெக்ஸ். சீக்குக்காரன எல்லாம் வெளியேத்திட்டு, எங்க ஆஸ்பத்திரியில சாவே கிடையாதுன்னு போர்டு மாட்டுன டாக்டரை நீ பாத்திருக்கியா? நான் பாத்துட்டேன்.

இம்புட்டு வகை எழுதியிருக்கு கட்டகத்துல. ஒண்ணை மட்டும் காணும் பாத்தியா? திருப்பிப் பாரு. கெடைக்காது.

நம்ம தெக்கத்திப் பள்ளிக்கூடத்துல வருகைப் பதிவேட்டை அப்புறம் பாரு, மொதல்ல மணிக்கட்டைப் பாரு. கலர் கலராக் கயிறு. எந்தக் கலரு யாருதுன்னு ஆறாப்புப் பயலுக்குத் தெரியும், உனக்கும் தெரியும், ஹெட்மாஸ்டருக்கும் தெரியும். 'கோயில் கயிறு சார்'ம்பான். எல்லா சாமியும் ஒரே தெருவுலயா இருக்கு? சட்டையப் பாத்து ஏழை பணக்காரன், மேல கீழன்னு தெரியப்படாதுன்னுதான சீருடை வந்துச்சு? சட்டைய ஒண்ணாக்குனா, சவம், மணிக்கட்டுல கொண்டாந்துட்டான். 2023 ஆகஸ்டுல நாங்குநேரியில ஒரு பிள்ளையையும் அதோட தங்கச்சியையும் வீடு புகுந்து வெட்டுனாங்களே, அது யாரு? கூடப் படிச்ச பயலுக. நல்லாப் படிச்சான்ங்கிறதும் ஒரு காரணமாம். இதுக்கு நான் என்னத்த நையாண்டி பண்ண?

அதுக்குப் பொறவு நீதியரசர் சந்துருவ ஒரு நபர் குழுவாப் போட்டாங்க, 2024-ல அறிக்கை குடுத்தாரு. கயிறு, மோதிரம், நெத்தியில அடையாளம் வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பேருல சாதி வேண்டாம். எந்த ஊர்ல எந்தச் சாதி பெருங்கூட்டமோ அந்தச் சாதி ஹெட்மாஸ்டர் அங்க வேண்டாம். பிள்ளைகளைப் பேரோட அகர வரிசையில உக்கார வையி. யோசிச்சுப் பாருடே. பிள்ளைகளை ஆனா ஆவன்னா வரிசையில உக்கார வைக்க ரிட்டயரான ஒரு ஹைக்கோர்ட்டு ஜட்ஜு வந்து சொல்ல வேண்டியிருக்கு.

கயித்தைக் கத்திரிச்சுப் போட்டுரலாம். ஸ்டாஃப் ரூம்ல யாரு யாரு கூட உக்காந்து டிபன் டப்பாவைத் தொறக்காங்கன்னு பிள்ளைக பாக்கல்லன்னு நெனைக்கியா? கக்கூஸ் கழுவ எந்தப் பிள்ளையக் கூப்பிடுதோம், சாமி படத்துக்குப் பூப்போட எந்தப் பிள்ளையக் கூப்பிடுதோம்னு அதுக கணக்கு வச்சிருக்கும். அந்தக் கணக்குல மட்டும் ஒரு பிள்ளையும் அரும்பு கிடையாது.

மத்ததை வேகமாச் சொல்லிட்டு விட்டுருதேன், உனக்கும் பஸ்ஸு வந்துரும். திருப்பூர்ப் பக்கம் உன் மச்சான் வாத்தியாரா இருக்காம்லா, வகுப்புல பாதி இந்திக்காரப் பிள்ளை, ஒடியாப் பிள்ளைன்னு தலையில அடிச்சுக்கிட்டான். 'ஒண்ணுக்கும் தமிழ் வரல தாத்தா'ன்னான். வெளையாட்டு மைதானத்துல போயி நின்னு கேளுடேன்னேன். கேட்டிருக்கான். மூணே மாசத்துல பீகார்ப் பய ஒருத்தன் சுத்தத் தமிழ்ல, கேக்கக்கூடாத வார்த்தையில நம்ம பயல வஞ்சிருக்கான். மூச்சு விடாம! சொல்லிக் குடுத்தவன் சட்டாம்பிள்ளையா, இல்லையா? வாயாடி ஒருத்தனப் பாத்து அவன் பக்கத்துல உக்கார வச்சிரு. பாதி வேலை முடிஞ்சுது.

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு 1995 சட்டத்துல 7 வகை, 2016 சட்டத்துல 21 வகை. நல்லதுதான், முன்ன கணக்குல வராத பிள்ளைக எல்லாம் கணக்குல வந்தாச்சு. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சாய்தளத்தைப் பாத்திருக்கல்லா? வாக்குச்சாவடிக்குன்னு அவசரமாக் கட்டுனது. ஓட்டுப் போடுத அன்னைக்கு ஒரு ஆச்சியத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. மேல ஏறுன பொறவு வகுப்பு வாசல்ல ஒரு படி. அதை யாரும் கணக்குல வைக்கல. மத்த நாள்ல பயலுக அந்தச் சாய்தளத்துல சறுக்கி வெளையாடுதாங்க, கால்சட்டை பூராக் கிழிசல். சிறப்பாசிரியர் வட்டார வளமையத்துல இருந்து என்னைக்காவது வாரதுதான். வராத நாளெல்லாம் நீதான்டே சிறப்பாசிரியர்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒழுங்காப் போயிச் சேந்தது எதுன்னு கேட்டா, சோறு. 1956-ல காமராசர் மதியச் சோறு போட்டாரு. 1982-ல எம்ஜியார் சத்துணவாக்குனாரு. 2022-ல காலைச் சாப்பாடும் வந்துட்டு. அதுக்கு எவனும் அஞ்சு நாள் பன்முகத்தன்மைப் பயிற்சி குடுக்கல. நம்ம சத்துணவு ஆயாவப் பாரு. கரண்டியோட நிப்பா. எந்தப் பய ரெண்டாந்தடவை கேப்பான், எவன் வயிறு காஞ்சாலும் வெக்கப்பட்டுக் கேக்க மாட்டான், எவளுக்கு வீட்டுல ராத்திரி அடுப்பு எரியலன்னு அவளுக்குத் தெரியும். கேக்காதவன் தட்டுல தானா இன்னொரு கரண்டி விழும். அவ எதுலயும் ஏத்த மாட்டா. சம்பளத்தைக் கேட்டியன்னா உனக்குச் சிரிப்பு நின்னுரும்.

நீ என்ன செய்யணும்ங்க? மொத வாரம் பாடம் நடத்தாத. பேரைப் படி. அப்பன் ஆத்தா என்ன சோலி பாக்காங்க, வீட்டுல என்ன பேச்சு பேசுதாங்க, காலையில தண்ணி எடுத்துட்டு வாரது யாருன்னு கேட்டு வையி. கரும்பலகையப் பாத்து எழுதாதவனுக்கு மொதல்ல கண்ணைப் பாரு, பொறவு மூளையப் பாரு. பின்னால இருந்து முன்னால உக்கார வச்சவொடன எத்தனை மக்கு புத்திசாலியா மாறியிருக்குன்னு உனக்குத் தெரியாது. பதில் சொல்லாதவளுக்குப் பதில் தெரியாதுன்னு முடிவு கட்டிராத. தப்பாச் சொன்னவனைப் பாத்து வகுப்பு சிரிச்சா, நீ சேந்து சிரிக்காத. ஆடு மேய்க்கவன் மகன் ஒருத்தன் இருப்பான், வாய்ப்பாடு வராது; கிடையில எத்தனை குட்டி, எத்தனை சினைன்னு கேளு, பட்டுனு சொல்லுவான். கணக்கை அங்க இருந்து ஆரம்பி. அதை எமிஸ்ல எந்தக் கட்டத்துல போடன்னு எங்கிட்டக் கேக்காத.

ஆய்வுக்கு அதிகாரி வருவாரு. வராம இருக்க மாட்டாரு. சுவரைக் காட்டு. அரும்பு, மொட்டு, மலர்னு கலர் பேப்பர்ல வெட்டி ஒட்டி வையி. போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிருவாரு, அவரும் ஏத்தணும்லா. ஒருவேளை அவரா, 'சுவரு கிடக்கட்டும், பிள்ளைகளைக் காட்டுங்க'ன்னாருன்னு வையி, அவருக்கு நாற்காலி தேடி ஓடாத. பாயை விரி. அந்தச் சோறு கேக்காத பய பக்கத்துல அவரை உக்கார வையி.